பீத்துணி துவைத்த கைகள்

தமிழ் அகராதியில் 'அணையாடை' என்றொரு சொல் இருக்கிறது. பச்சிளங்குழந்தைக்கு அடியில் விரிக்கும் துணி என்று பொருள். அழகான சொல்தான். ஆனால் எந்த வீட்டிலும் புழங்காத சொல். வீட்டில் நாம் சொல்வது பீத்துணி. வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னால் மாணவிகள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வதற்கு நம் இலக்கணம் இடக்கரடக்கல் என்று பெயர் வைத்திருக்கிறது. சொல்லை மறைக்க விதி செய்தவர்கள் புலவர்கள். துணியைத் துவைத்தவர்கள் வேறு ஆட்கள்.

குழந்தையைப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கியத்தை வைத்திருக்கும் மொழி நம்முடையது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று பத்துப் பருவங்கள். துணி அலசும் பருவம் என்று ஒன்று அதில் இல்லை. பெரியாழ்வார் ஒருவர்தான் கொஞ்சம் கிட்டே வருகிறார். ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் சிறுநீர்த்துளி அவருக்கு மொட்டு நுனியில் திரளும் முத்தாகத் தெரிகிறது. அவருடைய ஸ்ரீவில்லிபுத்தூர் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. துளியைப் பாடிய அந்த அரிய கவியிலும், துளி விழுந்த துணி எங்கே போனது என்பது இல்லை.

அந்தத் துணியின் பின்னால் போய்ப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. இராமநாதபுரம், இராமேசுவரம் கரையில் நின்று பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அழுக்கு மறைந்ததே இல்லை, கை மாறியிருக்கிறது. ஒரு பெண் இந்த வேலையிலிருந்து விடுபட்ட ஒவ்வொரு முறையும், அவளுக்குக் கீழே வைக்கப்பட்ட இன்னொரு பெண்ணின் கைக்கு அது போயிருக்கிறது. வீட்டு ஆணின் கைக்குப் போனது மிக அரிது.

கடலிருந்தும் நீரில்லை

துணி துவைப்பது பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் நீரைப் பற்றிப் பேச வேண்டும். வைகை, பெரும்பாலான ஆண்டுகளில் இராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டாத ஆறு. மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. மற்ற மாதங்களுக்குக் கண்மாயும் ஊருணியும் கிணறும்தான். கடலை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பு. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, துணி அலசக் கூடாது என்பது ஊர்க்கட்டு. எந்தச் சாதி எந்த ஊருணியில் மொள்ளலாம் என்பதையும் அதே ஊர்தான் வகுத்தது.

இராமேசுவரம் தீவில், தனுஷ்கோடிப் பக்கம், பெண்கள் மணலில் சிறு குழி தோண்டி ஊற்றுநீர் எடுப்பதை இன்றும் பார்க்கலாம். மணலுக்குள் இறங்கிய மழைநீர், தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் ஒரு படலமாக நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலும், அவசரமாக இறைத்தாலும் அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். ஆகவே கிண்ணத்தால் மெல்ல மெல்ல மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். ஊற்று ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்த நீரில்தான் சோறும் ஆக வேண்டும், குழந்தைத் துணியும் அலச வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறந்த குழந்தை ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு துணியாவது நனைக்கும். ஒரு தடவை கசக்கி, சோப்புப் போட்டு, இரண்டு தடவை அலச, எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் நாளைக்கு இரண்டு குடம் வேண்டும். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 30 லிட்டர். நாற்பது நாளைக்கு 80 குடம், 1,200 லிட்டர். எடையில் சொன்னால் ஒரு டன்னுக்கு மேல். இது குழந்தையின் துணிக்கு மட்டும். இந்த டன்னைச் சுமந்த இடுப்பு, பிள்ளை பெற்றவளுடையதாக இருக்கும், இல்லையென்றால் அவளுடைய தாயுடையதாக, மாமியாருடையதாக, பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்ட தங்கையுடையதாக இருக்கும்.

கடல் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடல்நீரில் சோப்பு நுரைக்காது. அதில் அலசிய துணி வெயிலில் காய்ந்தாலும் இழைக்குள் உப்பு தங்கிவிடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ராத்திரி பனி இறங்கும்போது துணி மறுபடி பிசுபிசுக்கும். அதைக் கட்டிய குழந்தைக்குத் தொடை இடுக்கு வெந்துபோகும். உவர்க்கிணற்று நீரிலும் தொல்லைதான். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து, துணியில் சாம்பல் நிறப் படிவாக ஒட்டும். நாளாக ஆகத் துணி அட்டை மாதிரி விறைக்கும்.

இதையெல்லாம் வேதியியல் படிக்காமலே பெண்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். மலம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். வெப்பத்தில் புரதம் இறுகி இழையோடு ஒட்டுவதே காரணம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறைக்கு நல்ல வெயில் போதும், அதுவே வெளுத்துவிடும். அடைமழை மாதத்தில் துணி காயாவிட்டால் கணப்புச்சட்டியின் மேல் கூடையைக் கவிழ்த்து அதில் போட்டு உலர்த்த வேண்டும். இவை எழுதிவைக்கப்படாத அறிவு. பேறுகாலத்தில் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கி வந்தது. பாட்டி வைத்தியத்தை நூலாக்கிய நாம் பாட்டி துவைத்ததை நூலாக்கவில்லை.

பழஞ்சேலை யாரிடம் இருந்தது?

குழந்தைக்குப் பழஞ்சேலைதான் மெத்து என்பார்கள். பாட்டியின் நூல்சேலையைக் கிழித்துத் துணி, அம்மாவின் சேலையில் ஏணை. கேட்க இனிமையாக இருக்கும் இந்த நினைவு எல்லா வீட்டுக்கும் உரியதன்று. கிழிப்பதற்குப் பழஞ்சேலை வேண்டுமானால், உடுத்துவதற்கு வேறொரு சேலை முதலில் இருக்க வேண்டும்.

1930 டிசம்பரில், அன்றைய பரந்த இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியில், ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டனின் இந்தியச் சாதிகள் பற்றிய நூலில் அந்தப் பட்டியல் பதிவாகியிருக்கிறது. பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாகப் பெருகின.

ஒரு பெண்ணின் தோளில் கிடக்கும் ஒரு முழத் துணியைக் குற்றம் என்று சொன்ன ஊரில், அவள் குழந்தைக்குப் பத்துத் துணி எங்கிருந்து வரும்? அந்த வீட்டுக் குழந்தை அரைஞாண்கயிற்றோடு வெற்றுடம்பாகக் கிடந்தது. தாய் கட்டியிருந்த சேலையே அதற்கும் துணி. நனைந்தால் அவள் உடம்பிலேயே காய்ந்தது. 1943இல் போர்க்காலத் துணிக்கட்டுப்பாட்டு ஆணை வந்து, துணி பங்கீட்டுப் பொருளானபோது, இந்த நிலை இன்னும் பல வீடுகளுக்கு வந்தது. துணியின் வரலாற்றை நெசவிலிருந்தும் வணிகத்திலிருந்தும் எழுதுகிறோம். கந்தலிலிருந்து எழுதினால் வேறொரு சமூகம் தெரியும்.

மாற்று

துணி இருந்த வீடுகளில் அதை வெளுத்தவள் யார்? தமிழின் மிகப் பழைய பாடல்களிலேயே அவள் இருக்கிறாள். புறநானூற்றின் 311ஆம் பாட்டில் களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் வெள்ளாடை வெளுக்கிறாள் புலைத்தி. நற்றிணையின் 90ஆம் பாட்டில் விழாக்கால ஊரில் கை ஓயாமல் வேலை செய்கிறாள். குறுந்தொகையின் 330ஆம் பாட்டில் கஞ்சிப்பசை தோய்த்து எடுத்துத் துணியை நீரில் விடுகிறாள். களர்நிலம் என்று புலவர் சொன்னது தற்செயலாக இருக்காது. உவர்மண்ணில் சோடா உப்பு இருக்கிறது. அது நீரின் கடினத்தைக் குறைத்து, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்துவிடும். சோப்பு வருவதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே அவள் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவள். அந்தத் தொழில்நுட்பத்துக்கு உரியவளைக் குறித்த 'புலை' என்ற சொல்தான் பின்னாளில் இழிவுக்கும் தீட்டுக்கும் பெயரானது.

அவளுடைய வழியில் வந்த வண்ணார் சமூகத்துப் பெண்கள் உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணியை நனைத்து, பானை வாயின் மேல் அடுக்கி, இரவெல்லாம் வெள்ளாவி வைத்து, விடிந்ததும் துறையில் அடித்து அலசினார்கள். ஊரார் துணியை வெளுத்ததோடு, தீட்டுத்துணி என்று ஊர் ஒதுக்கியதையும் எடுத்தார்கள். பிள்ளை பிறந்த வீட்டிலும், பெண் சமைந்த வீட்டிலும், மாதவிலக்கிலும் கறைபட்ட துணியை எடுத்துப்போய், வெளுத்த துணியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வெளுத்த துணிக்குப் பெயர் 'மாற்று'. வண்ணாத்தி மாற்றுக் கொடுத்தால்தான் தீட்டுக் கழியும். அவள் கை படாமல் அந்த வீடு சுத்தமாகாது. ஆனால் அவள் கை பட்டதை அந்த வீடு தொடாது. பேறுகாலத் துணி கொல்லையில் ஒரு மூலையில் கிடக்கும். குச்சியால் நகர்த்திப் போடுவார்கள். கூலி என்பது அந்தியில் வீடுவீடாக வாங்கும் ஊர்ச்சோறும், அறுப்புக் காலத்தில் களத்தில் அளக்கும் தானியமும். பிள்ளைப்பேற்று வீட்டில் அரிசி, வெற்றிலை பாக்கு, பழைய துணி.

1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் வண்ணார் பற்றிய பகுதியில் ஒரு கதை வருகிறது. தக்கன் வேள்வியில் பலரைக் கொன்ற பாவம் தீர, எல்லா மனிதரின் துணியையும் வெளுக்கும்படி சிவன் வீரபத்திரனுக்கு ஆணையிட்டாராம், அவன் வழிவந்தவர்களாம் இவர்கள். கதையில் கொன்றவன் ஆண். கழுவாய் தேட வேண்டியவனும் அவனே. துறையிலும் கொல்லையிலும் அந்தக் கழுவாயைப் பாதிக்கு மேல் சுமந்தவள், கதையில் பெயரே இல்லாத பெண். அவள் உழைப்பைப் பாவத்துக்கு ஈடாக்கிவிட்டால் கூலிப் பேச்சே எழாது. இந்தக் கதையின் பயன் அதுதான்.

தலித்துகளின் துணியை ஊர் வண்ணார் வெளுக்கக் கூடாது. அதற்கென்று தனியாக ஒரு சமூகம் ஒதுக்கப்பட்டது. அவர்கள் புதிரை வண்ணார். தென்மாவட்டங்களில் கண்ணில் படுவதே தீட்டு என்று அவர்களைப் பகலில் வெளியே வரவிடாமல் வைத்திருந்ததை 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழ் வெளியிட்டது. திருநெல்வேலி மாவட்டத்தில் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் அவர்கள் வேலை செய்ததை அந்தச் செய்தி பதிவு செய்தது. ஒடுக்கப்பட்டவரின் பீத்துணியைத் துவைக்க, அவருக்கும் கீழே ஒருவரை வைத்த ஏற்பாடு இது. 1994இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலில் வரும் ஆரோக்கியம் புதிரை வண்ணார் பெண். அவள் வழியாகத்தான் நவீனத் தமிழ் வாசகர் பலருக்கு இந்த உழைப்பு முதன்முதலாகக் கண்ணில் பட்டது. தமிழ்நாடு அரசு புதிரை வண்ணார் நலவாரியம் அமைத்தது 2009இல்.

இந்தத் துணியைத் தொட மறுத்ததும் வரலாறுதான். தங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், ஊர்ச்சோறு எடுக்க மாட்டோம், தீட்டுத்துணி எடுக்க மாட்டோம் என்று வண்ணார் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நின்றன. இந்த மறுப்புக்குக் கல்வெட்டு இல்லை. கடலுக்கு அப்பால், 1881 ஜூலையில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கறுப்பினச் சலவைப் பெண்கள் இருபது பேர் சங்கம் கட்டி வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று வாரத்தில் மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள். பன்னிரண்டு பவுண்டுத் துணிக்கு ஒரு டாலர் என்ற சீரான கூலியைக் கேட்டார்கள். அந்தப் போராட்டம் இன்று பாடநூல்களில் இருக்கிறது. நம் ஊர்களில் ஓர் அந்தியில் சோற்றுப்பானையை எடுக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்த பெண்ணும் செய்தது வேலைநிறுத்தமே. 'இப்பெல்லாம் வண்ணாத்தி வர்றதில்ல' என்ற குறையாகத்தான் ஊர் அதை நினைவில் வைத்திருக்கிறது.

மண்டபம் தாண்டி

இந்தக் கரையின் வழியாகத்தான் மலையகத்துக்குப் போன கூலிப் பெண்களும் போனார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. மண்டபத்தில், இந்திய மண்ணில், இலங்கை அரசு ஒரு தொற்றுத்தடுப்பு முகாமை நடத்தியது. தோட்டங்களுக்குப் போகிறவர்களை அங்கே தங்கவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, துணிகளைக் கிருமிநீக்கம் செய்து அனுப்பினார்கள். ஊரில் அவள் துணி தீட்டு. முகாமில் அதே துணி கிருமி. இரண்டிலும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தோட்டத்துக்குப் போன பிறகு கொழுந்து பறிப்பவள் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். தோட்ட நிர்வாகம் நடத்திய குழந்தைக் காப்பிடம் அது. வரிசையாக ஏணை தொங்கும். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருப்பார். பெரும்பாலும் கொழுந்து பறிக்க உடம்பில் தெம்பில்லாத மூத்த பெண். இடைவேளையில் தாய் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். அங்கே நனைந்த துணிகளை மாற்றியவர் அந்த ஆயா. ஏற்றுமதிக் கணக்கில் தேயிலை பவுண்டு பவுண்டாக நிறுக்கப்பட்டது. தாயின் கையைக் கொழுந்துக்கு விடுவித்த இன்னொரு கையின் உழைப்பும் அந்தத் தேயிலையில் சேர்ந்திருக்கிறது. சாதியும் அதே கப்பலில் போயிற்று. தோட்டங்களில் டோபி என்றும் நாவிதர் என்றும் தனி ஆட்கள் இருந்தார்கள்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்த மக்களில் பலர் இதே கரைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1983 ஜூலைக்குப் பிறகு படகுகளில் அகதிகள் வந்தார்கள். பழைய மண்டபம் முகாம் மறுபடி நிறைந்தது. 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வந்தவர்களின் முதல் குழுக்களில், அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட நான்கு மாதக் கைக்குழந்தையும் இருந்தது. பெயர், வயது, ஊர், வந்த படகு எல்லாம் பதிவேட்டில் ஏறும். சுற்றிலும் உப்புநீர் கிடக்க, குழந்தையின் துணியை எதில் அலசினாய் என்று எந்தப் பதிவேடும் ஒரு தாயைக் கேட்பதில்லை.

எறியும் துணி

லீவர் நிறுவனத்தின் சன்லைட் சோப்பு கல்கத்தாவில் வந்திறங்கியது 1888இல். சர்ஃப் தூள் 1959இல், நிர்மா 1969இல். உவர்மண்ணும் சாம்பலும் பூவந்திக்கொட்டையும் பின்வாங்கின. வண்ணாத்தி விட்டுப்போன வேலையைத் தூள்சோப்பு எளிதாக்கியது என்று விளம்பரங்கள் சொல்லின. விளம்பரத்தில் கறைபட்ட சட்டையைக் கையில் பிடித்திருந்தவள் எப்போதும் இல்லத்தரசிதான். வேலை தாயிடமே திரும்பி வந்தது. வெள்ளை வெளேர் என்ற புதிய அளவுகோலும் கூடவே வந்தது.

துவைக்காமலே இருந்துவிட முடியாதா என்ற கேள்வியை எழுப்பியவரும் ஒரு தாய்தான். அமெரிக்காவில் மரியன் டோனவன் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, துணிக்கு மேல் மாட்டும் நீர்புகா உறையைச் செய்தார். 1949இல் அது கடையில் விற்பனைக்கு வந்தது, 1951இல் காப்புரிமை கிடைத்தது. அடுத்து, எறிந்துவிடக்கூடிய தாள் டயப்பர் ஒன்றை வடிவமைத்தபோது உற்பத்தியாளர்கள் அதை ஏற்கவில்லை. பத்தாண்டு கழித்து, 1961இல், ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பாம்பர்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய விக்டர் மில்ஸ், பேரக்குழந்தைக்குத் துணி மாற்றுவதை வெறுத்த ஒரு தாத்தா. துவைத்துத் துவைத்துச் சலித்த பெண்ணின் யோசனையை ஏற்காத சந்தை, மாற்றவே பிடிக்காத ஆணின் யோசனையை உடனே ஏற்றுக்கொண்டது.

இன்று எங்கள் கரையோரச் சிற்றூரின் பெட்டிக்கடையிலும் டயப்பர் சரம்சரமாகத் தொங்குகிறது. மருத்துவமனைக்குப் போக, பஸ்ஸில் போக, இரவில் தூங்க என்று ஒன்றொன்றாக வாங்குகிறார்கள். அதை வாங்கும் தாயைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1,200 லிட்டரின் கணக்கைப் போட்டவர்களுக்கு அந்தச் சின்னப் பொட்டலத்தின் அருமை புரியும்.

ஆனால் அழுக்கு இப்போதும் மறையவில்லை. மரக்கூழும் பிளாஸ்டிக்கும், நீரை உறிஞ்சிக் களியாக ஊதும் ஒரு வேதிப்பொருளும் சேர்ந்த அந்தப் பொதி, குப்பையில் தெருமுனைக்குப் போகிறது. அதைக் கையில் எடுப்பவர் ஊராட்சியின் தூய்மைக் காவலர், நகரத்தின் தூய்மைப் பணியாளர். அவர்களில் பலர் பெண்கள், பலர் தலித்துகள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, பயன்படுத்திய டயப்பரையும் நாப்கினையும் பத்திரமாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்றன. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்றும் சொல்லின. நம் தெருக் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தால் அந்த விதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். வண்ணாத்தியின் முகமாவது ஊருக்குத் தெரிந்திருந்தது. எந்த வீட்டுப் பிள்ளையின் துணி என்று அவளுக்கும் தெரியும். இப்போது போடுபவருக்கு எடுப்பவரின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை.

இராமேசுவரத்தில் இதன் வேறொரு வடிவம் தினமும் நடக்கிறது. அக்னி தீர்த்தத்தில் முழுகும் பக்தர்கள் பலர் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். பாவம் துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. துணி போவதில்லை. அலை அதைக் கரைக்குத் தள்ளுகிறது, தொழிலாளர்கள் வாரி எடுக்கிறார்கள்.

திரும்பி வரும் துணி

அண்மைக் காலமாக நகரத்து இளந்தாய்மாரிடம் துணி டயப்பர் திரும்பி வந்திருக்கிறது. பூப்போட்ட துணியில் பொத்தான் வைத்து, உள்ளே பஞ்சுப்பட்டை செருகும் அழகான உடுப்பு. குப்பை குறையும் என்பது சரியான வாதம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் நிறுத்துப் பார்த்தது. இரண்டரை ஆண்டுக்கு ஒரு குழந்தையின் எறியும் டயப்பரால் வரும் கரியமில வாயுவின் அளவு சுமார் 550 கிலோ, துணி டயப்பரால் சுமார் 570 கிலோ. கொடியில் காயப்போட்டு, இயந்திரம் நிறையத் துவைத்து, இரண்டாவது குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் துணியின் சுமை கிட்டத்தட்ட 200 கிலோ குறைகிறது. மின்சாரம், நீர், தூள்சோப்பு எல்லாம் அந்த ஆய்வில் கணக்காகியிருக்கின்றன. கொடியில் காயப்போட்டு எடுத்து மடிக்கும் கைகளின் நேரம் கணக்கில் இல்லை.

அந்த நேரத்துக்கு நம்மிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. 2019இல் எடுத்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், வீட்டுவேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். துணி டயப்பருக்கு மாறுங்கள் என்ற பரிந்துரை இந்த 299ஐ இன்னும் கூட்டுமா, 97ஐக் கூட்டுமா என்பதைச் சேர்த்தே பேச வேண்டும். பூமியைக் காக்கும் பொறுப்பும் தாய்மையின் கிளைவேலையாகிவிட்டால் பழைய கதைதான் தொடரும். வேலைக்காரம்மாவின் கையில் அதைத் தள்ளினால் இன்னும் பழைய கதை.

2015இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. 16 பொருள்கள். குழந்தைக்குத் துண்டு, உடை, நாப்கின், சோப்பு. தாய்க்குக் குளியல் சோப்பு, சுண்டி லேகியம், கைகழுவும் திரவம். ஏழைத் தாய்மாருக்கு அது உண்மையில் உதவியாக இருந்தது. ஆனால் நாப்கினுக்குப் பின் கழுவ வேண்டிய கை யாருடையது என்பதை அந்தப் பட்டியல் ஐயமில்லாமல் சொல்லிவிடுகிறது.

2000களின் இறுதியில் காவிரிக் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இந்த மாவட்டத்துக்கு வந்தது. குழாயில் நீர் வரும் நாள்களில் குடத்தின் தூரம் குறைந்தது. என் பார்வையில், இந்தக் கரையின் குழந்தைத் துணி வரலாற்றில் எந்தச் சோப்பையும்விடப் பெரிய நிகழ்வு அதுதான். வராத நாள்களில் வரிசையாக வைத்திருக்கும் பிளாஸ்டிக் குடங்களுக்குப் பக்கத்தில் யார் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் மாறாதது எது என்றும் தெரியும்.

துணியா, எறிவதா என்று இரண்டே பக்கங்களாகப் பிரித்து நம்மிடம் கேட்கிறார்கள். இந்தக் கரையிலிருந்து கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நீரைச் சுமப்பது யார்? எடுப்பவருக்குக் கையுறை உண்டா, நிரந்தர வேலை உண்டா, போதிய கூலி உண்டா? உறை தரச் சொன்ன விதியை நிறுவனங்களிடம் கேட்பது யார்? குழந்தை பிறந்த முதல் நாற்பது நாளில் அதன் தகப்பனுக்கு விடுப்பு உண்டா, விடுப்பு இருந்தால் அவர் கொல்லைப்பக்கம் போகிறாரா? கடைசிக் கேள்விக்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீரில் முதலில் அலச வேண்டும், பிறகு சோப்பு, பிறகு நல்ல வெயில். சொல்லிக் கொடுத்தால் ஒரு நாளில் எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.